குடல் நுண்ணுயிரிகளும் பித்த அமிலங்களும்: கூட்டு ஆக்கத்தின் வேதியியலும் மருத்துவப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

பித்த அமிலங்கள் கொழுப்புச் செரிமானத்திற்குத் துணைபுரிவன என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. கல்லீரல் உருவாக்கும் இவ்வமிலங்களைக் குடல்வாழ் நுண்ணுயிரிகள் புதிய மூலக்கூறுகளாக மாற்றுகின்றன என்பதும், அம்மாற்றத்தைச் சார்ந்தே உடலின் பல செயல்கள் நடைபெறுகின்றன என்பதும் பிற்கால ஆய்வுகள் நிறுவிய உண்மைகள். இக்கட்டுரை அம்மாற்றத்தின் படிநிலைகளை விளக்கி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குப் பின் தோன்றும் குடல் தொற்று, உணவு மாற்றம் ஆகிய இரு களங்களில் அதன் விளைவுகளை ஆராய்கிறது. ஒரே பித்த அமிலம் ஒரு சூழலில் காப்பாகவும் மற்றொரு சூழலில் கேடாகவும் அமைவதால், ‘நன்மை செய்யும் கிருமி, தீமை செய்யும் கிருமி’ என்னும் பாகுபாடு இவ்வுறவை விளக்கப் போதாது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பித்த அமிலம், குடல் நுண்ணுயிரி, கொலஸ்டிரால், டீஆக்சிகோலிக் அமிலம், டிஃபிசில் தொற்று, அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

உடல் வேறு, உடலுக்குள் புகும் நுண்ணுயிர் வேறு என்னும் கருத்து, நோய்களின் காரணத்தை நுண்ணுயிரிகளிடம் கண்டறிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் வழியே மக்கள் மனத்தில் வேரூன்றியது. தமிழில் ‘கிருமி’ என்னும் சொல் இன்று பெரும்பாலும் பகையையே உணர்த்துகிறது. ‘கிருமிநாசினி’ என்னும் தொடர்சொல்லே அதற்குச் சான்று. ஆயினும் மனிதப் பெருங்குடலில் உள்ள பொருளின் ஒவ்வொரு கிராமிலும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நோய் செய்வன அல்ல.

அவை உடலுக்குள் வெறுமனே தங்கியிருப்பனவா, உடலின் செயல்களில் பங்கேற்பனவா என்னும் வினாவிற்குத் தெளிவான விடை தரும் களங்களுள் ஒன்று பித்த அமிலங்களின் வரலாறு. கல்லீரல் தொடங்கும் ஒரு வேதிவினைத் தொடரை நுண்ணுயிரிகள் முடித்துவைக்கின்றன. இடையில் அத்தொடர் அறுபடும்போது நோய் தோன்றுகிறது. இந்த உறவின் இயல்பையும் அதைப் பற்றிய சான்றுகளின் எல்லையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

பொருளுக்குள் செல்லுமுன் சொற்களை வரையறுத்தல் இன்றியமையாதது. ‘பித்தம்’ என்னும் சொல் தமிழில் நெடிய வரலாறு உடையது. வாதம், பித்தம், கபம் எனும் மூன்றினால் உடல்நிலையை விளக்கும் மருத்துவ மரபில் அது உடலின் ஓர் இயக்கக் கூற்றைக் குறிக்கிறது. மனநிலைத் திரிபைச் சுட்டும் ‘பித்து’, ‘பித்தன்’ ஆகிய சொற்களும் வழக்கில் உள்ளன. இன்றைய உடலியலில் ‘பித்தநீர்’ என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு நீர்மத்தையே குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒன்றெனக் கொள்வது இரு துறைகளுக்கும் பொருந்தாது.

பித்தநீர் வேறு, பித்த அமிலம் வேறு என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. பித்தநீரில் நீர், உப்புகள், கொலஸ்டிரால், பாஸ்போலிப்பிடுகள், பிலிருபின் என்னும் நிறமி ஆகியவற்றுடன் பித்த அமிலங்களும் கலந்துள்ளன. பித்தநீருக்கு மஞ்சள் நிறம் தருவது பிலிருபின். கொழுப்பைக் கரையச் செய்வன பித்த அமிலங்கள். இக்கட்டுரை பின்னவற்றைப் பற்றியது.

3. கல்லீரலின் பங்கு

பித்த அமிலங்களின் மூலப்பொருள் கொலஸ்டிரால். இவற்றின் கட்டமைப்பை ஆராய்ந்ததற்காக ஜெர்மானிய வேதியியலாளர் ஹைன்ரிக் வீலண்டுக்கு 1927ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் முன்வைத்த கட்டமைப்பு முழுமையாகச் சரியானதன்று என்பது ஊடுகதிர் ஆய்வுகளின் துணையால் 1932இல் தெளிவாகித் திருத்தப்பட்டது.

மனிதக் கல்லீரல் இருவகைப் பித்த அமிலங்களை உருவாக்குகிறது: கோலிக் அமிலம், கீனோடீஆக்சிகோலிக் அமிலம். இவை ‘முதல்நிலைப் பித்த அமிலங்கள்’ எனப்படும். கல்லீரல் இவற்றை அப்படியே வெளியிடுவதில்லை. கிளைசின் அல்லது டாரின் என்னும் சிறு மூலக்கூறு ஒன்றோடு பிணைத்தே பித்தநீரில் சேர்க்கிறது. இப்பிணைப்பினால் அவை நீரில் எளிதில் கரைவதோடு, குடற்சுவரைத் தாமே ஊடுருவிச் செல்லாமல் செரிமானம் நடைபெறும் இடத்திலேயே தங்கவும் இயலுகிறது. மனிதரில் கிளைசினோடு பிணைந்தவை மிகுதி; டாரினோடு பிணைந்தவை குறைவு.

உணவு உண்ணும்போது பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை முன்சிறுகுடலுக்குள் செலுத்துகிறது. பித்த அமில மூலக்கூற்றின் ஒரு பக்கம் நீரை நாடுவது. மறுபக்கம் கொழுப்பை நாடுவது. சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கை நீரில் கலக்கச் செய்வது போல, இம்மூலக்கூறுகள் கொழுப்பின் செரிமானப் பொருள்களைச் சூழ்ந்து நுண்துளிகளாக்கி உட்கிரகிக்கச் செய்கின்றன. கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்களின் உட்கிரகிப்பும் இதனைச் சார்ந்ததே.

பணி முடிந்த பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு கடைச்சிறுகுடலில் மீண்டும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தின் வழியே கல்லீரலைச் சென்றடைகிறது. இதுவே ‘கல்லீரல் – குடல் சுழற்சி’. உடலில் உள்ள பித்த அமிலத்தின் மொத்த அளவு சில கிராம்களே. அச்சிறு அளவே ஒரு நாளில் பலமுறை சுழன்று வேலை செய்கிறது. நாள்தோறும் மலத்துடன் வெளியேறும் அரை கிராம் அளவிலான இழப்பைக் கல்லீரல் புதிய ஆக்கத்தால் ஈடுசெய்கிறது. உடல் கொலஸ்டிராலை வெளியேற்றும் முதன்மை வழிகளுள் இதுவும் ஒன்று.

4. நுண்ணுயிரிகளின் பங்கு

மீள உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடையும் சிறு பகுதியிலேயே நுண்ணுயிரிகளின் வேலை பெரும்பாலும் நடைபெறுகிறது. அதனை மூன்று வகையாகப் பகுத்துக் காணலாம்.

4.1 பிணைப்பு நீக்கம்

கல்லீரல் இணைத்த கிளைசினையும் டாரினையும் வெட்டி நீக்குவது முதற்படி. இதனைச் செய்வது பித்த உப்பு ஹைட்ரோலேஸ் என்னும் நொதி. லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம், பாக்டீராய்டிஸ், என்டரோகாக்கஸ் முதலிய பல பேரினங்களில் இந்நொதி காணப்படுகிறது. அதாவது, இவ்வேலையைச் செய்யவல்லவை பல. வெட்டப்பட்ட கிளைசினும் டாரினும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றன. டாரினில் உள்ள கந்தகத்தைப் பயன்படுத்தும் பைலோஃபிலா வாட்ஸ்வொர்தியா என்னும் பாக்டீரியம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகிறது.

4.2 ஹைட்ராக்சில் நீக்கம்

பிணைப்பு நீங்கிய அமிலத்தின் ஏழாம் கரியணுவில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியை நீக்குவது இரண்டாம் படி. இதனால் கோலிக் அமிலம் டீஆக்சிகோலிக் அமிலமாகவும், கீனோடீஆக்சிகோலிக் அமிலம் லித்தோகோலிக் அமிலமாகவும் மாறுகின்றன. இவையே ‘இரண்டாம்நிலைப் பித்த அமிலங்கள்’. ‘இரண்டாம்நிலை’ என்னும் அடை, தோற்ற வரிசையைக் குறிப்பதேயன்றித் தரத்தைக் குறிப்பதன்று.

முதற்படியைச் செய்வன பலவாக, இரண்டாம் படியைச் செய்யவல்ல பாக்டீரியாக்கள் மிகச் சிலவே. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது கிளாஸ்டிரிடியம் சிண்டென்ஸ். இவ்வினைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல நொதிகள் தேவை. அவற்றிற்கான மரபணுக்கள் அந்நுண்ணுயிரியின் மரபுத்தொகுதியில் ஒரே கொத்தாக அமைந்துள்ளன. மனித மரபுத்தொகுதியில் இவ்வினைக்குரிய மரபணுக்கள் இல்லை. ஆயினும் மனிதப் பித்தநீரில் உள்ள பித்த அமிலங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டீஆக்சிகோலிக் அமிலமே. பெருங்குடலில் உருவாகி, உறிஞ்சப்பட்டு, கல்லீரலை அடைந்து, மீண்டும் பிணைக்கப்பட்டு அது சுழற்சியில் இணைகிறது. ஆகவே, மனிதப் பித்தநீரின் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி மனித உயிரணுக்களால் மட்டும் ஆக்கவியலாத பொருள். இரு வேறு உயிர்களின் மரபணுக்கள் கூடி ஆக்கிய பொருள் என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

4.3 மறுபிணைப்பு

பித்த அமிலங்களோடு பிற மூலக்கூறுகளைப் பிணைப்பது கல்லீரலின் தனித்தொழில் என்றே 2020 வரை கருதப்பட்டது. அவ்வாண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு, ஃபீனைல்அலனின், டைரோசின், லியூசின் ஆகிய அமினோ அமிலங்களோடு கோலிக் அமிலம் பிணைந்திருப்பதையும், அப்பிணைப்பைச் செய்வன நுண்ணுயிரிகளே என்பதையும் காட்டியது. பிரிப்பது மட்டுமன்றிச் சேர்ப்பதும் நுண்ணுயிரிகளின் தொழில் என்பது இதனால் விளங்கியது.

5. நுண்ணுயிரியற்ற எலிகள் தந்த சான்று

இம்மாற்றங்களுக்கு நுண்ணுயிரிகளே காரணம் என்பது எவ்வாறு நிறுவப்பட்டது? சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட ஆய்வு இதில் முதன்மையானது. பிறப்பு முதல் நுண்ணுயிரித் தொடர்பே இன்றி வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட கோலிக் அமிலம் தரப்பட்டது. அவ்வெலிகளின் மலத்தில் வெளிவந்த பித்த அமிலம் பிணைப்பு நீங்காமல், கல்லீரல் ஆக்கிய வடிவிலேயே இருந்தது. சுழற்சியிலிருந்து அது வெளியேறவும் நெடுநாள் ஆயிற்று. குடலில் நுண்ணுயிரிகளைக் குடியேற்றியபின் மலத்தில் மாற்றமுற்ற அமிலங்கள் தோன்றின, வெளியேற்றமும் விரைவுற்றது. ஒரு காரணத்தை நீக்கி விளைவு மறைவதையும், அதனை மீட்டு விளைவு தோன்றுவதையும் காட்டிய இச்சோதனை, காரண காரியத் தொடர்பை ஐயமின்றி நிறுவியது.

6. செய்தி தாங்கும் மூலக்கூறுகள்

பித்த அமிலங்கள் செரிமானக் கருவிகள் மட்டுமே என்னும் கருத்து 1999இல் மாறியது. உயிரணுக்கருவில் உள்ள எஃப்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பி பித்த அமிலங்களை உணர்கிறது என்பதை அவ்வாண்டு வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் கண்டறிந்தன. கடைச்சிறுகுடலில் பித்த அமிலம் இவ்வேற்பியைத் தூண்டும்போது எஃப்.ஜி.எஃப். 19 என்னும் இயக்குநீர் சுரக்கிறது. அது கல்லீரலை அடைந்து, கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக்கும் முதன்மை நொதியின் ஆக்கத்தைக் குறைக்கிறது. ‘போதிய அளவு உள்ளது, மேலும் ஆக்கவேண்டா’ என்னும் செய்தியைக் குடல் கல்லீரலுக்கு அனுப்புவதற்கு இது ஒப்பாகும்.

உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள டி.ஜி.ஆர். 5 என்னும் மற்றோர் ஏற்பி சில ஆண்டுகளுக்குப் பின் கண்டறியப்பட்டது. இதனை வலிமையாகத் தூண்டுவன நுண்ணுயிரிகள் ஆக்கும் லித்தோகோலிக், டீஆக்சிகோலிக் அமிலங்களே. குடலின் சில உயிரணுக்களில் இத்தூண்டல், இன்சுலின் சுரப்புக்குத் துணைபுரியும் ஜி.எல்.பி. 1 என்னும் இயக்குநீரை வெளிப்படுத்துகிறது. எந்த ஏற்பி எவ்வளவு தூண்டப்படும் என்பது பித்த அமிலங்களின் விகிதத்தைப் பொறுத்தது. அவ்விகிதத்தை வகுப்பதில் நுண்ணுயிரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவ்வுறவு ஒருவழிப்பட்டதும் அன்று. பித்த அமிலங்கள் பாக்டீரியாக்களின் உறையைச் சிதைக்க வல்லவை. அவற்றைத் தாங்கும் திறனுடைய நுண்ணுயிரிகளே குடலில் நிலைக்கின்றன. நுண்ணுயிரிகள் பித்த அமிலத்தை மாற்ற, பித்த அமிலங்கள் எந்நுண்ணுயிரிகள் தழைக்கும் என்பதை வரையறுக்கின்றன.

7. தொடர் அறுபடும்போது: டிஃபிசில் தொற்று

இவ்வுறவின் மருத்துவப் பொருளை மிகத் தெளிவாகக் காட்டுவது கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியத்தால் வரும் குடல் தொற்று. இந்நுண்ணுயிரி 1935இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. வளர்த்தெடுப்பது கடினமாக இருந்தமையால் அப்பெயர் பெற்றது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொண்டோருக்கு வரும் கடும் பெருங்குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978இல் உறுதியாயிற்று. வயிற்றுப்போக்கில் தொடங்கும் இந்நோய், முதியோரிடத்தும் நலிந்தோரிடத்தும் உயிரிழப்பு வரை செல்லக்கூடியது.

வேறொரு நோய்க்காக உண்ட மருந்து இந்நோய்க்கு வாயில் திறப்பது எவ்வாறு? டிஃபிசில் பாக்டீரியம் வெளியில் வித்து வடிவில் உறங்குகிறது. குடலுக்குள் சென்றதும் அவ்வித்து முளைக்க ஒரு தூண்டுதல் வேண்டும். டாரினோடு பிணைந்த கோலிக் அமிலம், அதாவது கல்லீரல் ஆக்கிய முதல்நிலை வடிவம், அத்தூண்டுதலைத் தருகிறது. முளைத்துவிட்ட பாக்டீரியத்தின் வளர்ச்சியை நுண்ணுயிரிகள் ஆக்கிய டீஆக்சிகோலிக் அமிலம் தடுக்கிறது. நலமுற்ற பெருங்குடலில் முன்னது குறைவு, பின்னது மிகுதி. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, ஹைட்ராக்சில் நீக்கம் செய்யும் அச்சில இனங்களையும் அழித்துவிடுமாயின் இவ்விகிதம் தலைகீழாகிறது. முளைக்கத் தூண்டும் பொருள் பெருக, வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் மறைகிறது.

இந்நோய்க்குரிய மருத்துவமும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியே என்பதில்தான் சிக்கல் உள்ளது. மருந்து டிஃபிசிலை அடக்கும். ஆனால் இழந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை மீட்பதில்லை. எனவே மருந்தை நிறுத்தியதும் பலருக்கு நோய் மீள்கிறது. இச்சூழலில் நலமுற்ற ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தை நோயாளியின் குடலில் சேர்க்கும் முறை கவனம் பெற்றது. 1958இல் அமெரிக்க மருத்துவர்கள் நால்வருக்கு இம்முறையில் மருத்துவம் செய்ததைப் பதிவுசெய்தனர். நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு இதற்கு உறுதியான சான்றாயிற்று. மீண்டும் மீண்டும் தொற்றுக்குள்ளானோரில் இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். மேலும் இருவர் இரண்டாம் முறையில் குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தோர் நால்வரே.

இச்சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் மலத்தில் முதல்நிலை அமிலங்கள் மிகுந்திருந்ததும், பின்னர் இரண்டாம்நிலை அமிலங்கள் மீண்டதும் பிற ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. கிளாஸ்டிரிடியம் சிண்டென்ஸைச் செலுத்திய எலிகளில் தொற்று குறைந்ததாக 2015இல் ஓர் ஆய்வு அறிவித்தது. நுண்ணுயிர்க் கூட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இரு மருந்துகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒப்புதல் அளித்தது. இம்முறை இடர் அற்றதன்று. மருந்தெதிர்ப்புடைய பாக்டீரியம் இவ்வழியே பரவியதால் நோயெதிர்ப்பு குன்றிய ஒருவர் இறந்ததை அந்நிர்வாகமே 2019இல் எச்சரிக்கையாக அறிவித்தது.

8. உணவும் மறுபக்கமும்

டிஃபிசிலுக்கு எதிராகக் காவல் நிற்கும் டீஆக்சிகோலிக் அமிலம் எந்நிலையிலும் நன்மையே செய்வதா? அன்று. அது மிகும்போது குடற்சுவரின் உயிரணுக்களைச் சிதைத்து, மரபுப்பொருளுக்கும் ஊறு விளைவிக்கக்கூடும். பெருங்குடல் புற்றுநோயோடு அதனைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகள் பல.

இத்தொடர்பில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. பெருங்குடல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் ஆப்பிரிக்க அமெரிக்கர் இருபது பேரும், அந்நோய் அரிதாகவே காணப்படும் தென்னாப்பிரிக்க ஊரக மக்கள் இருபது பேரும் இரண்டு வாரங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். முன்னவர் நார்ச்சத்து மிக்க, கொழுப்புக் குறைந்த உணவையும், பின்னவர் கொழுப்பு மிக்க, நார்ச்சத்துக் குறைந்த உணவையும் உண்டனர். முன்னவரின் மலத்தில் இரண்டாம்நிலைப் பித்த அமிலங்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தன. பின்னவரிடத்து ஏறத்தாழ 400 விழுக்காடு மிகுந்தன.

இதன் காரணம் விளங்கக்கூடியதே. கொழுப்பு மிகுந்தால் பித்தநீர்ச் சுரப்பு மிகும். பெருங்குடலை அடையும் பித்த அமிலமும் மிகும். நார்ச்சத்தோ பெருங்குடலில் நொதித்துச் சிறுகொழுப்பமிலங்களைத் தந்து அச்சூழலை அமிலத்தன்மையாக்குகிறது. அமிலத்தன்மை கூடும்போது ஹைட்ராக்சில் நீக்கும் வினை தளர்கிறது. உணவு மாற்றம் இரு வாரங்களிலேயே நுண்ணுயிர் வேதியியலை மாற்றவல்லது என்பதே இவ்வாய்வு காட்டுவது. புற்றுநோய் இதனால் குறைந்தது என அது நிறுவவில்லை. இரு வாரங்களில் நிறுவவும் இயலாது.

9. சான்றுகளின் எல்லை

இத்துறையின் முடிவுகளைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும்போது மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, எலியும் மனிதனும் ஒன்றல்ல. எலியின் கல்லீரல் மியூரிகோலிக் அமிலம் என்னும் வகையைப் பெருமளவில் ஆக்குகிறது. மனிதரில் அது முதன்மை இடம் பெறுவதில்லை. மேலும், டீஆக்சிகோலிக் அமிலத்தை எலியின் கல்லீரல் மீண்டும் கோலிக் அமிலமாக்க வல்லது; மனிதக் கல்லீரல் அவ்வாறு செய்வதில்லை. எலியில் கண்டதை மனிதருக்கு நேரே ஏற்றிக் கூறுதல் பிழைக்கு இடந்தரும்.

இரண்டாவது, உடனிகழ்வு காரணமாகிவிடாது. குடல் அழற்சி நோயாளிகளிடம் இரண்டாம்நிலைப் பித்த அமிலங்கள் குறைந்திருப்பது பல ஆய்வுகளில் காணப்படுகிறது. அக்குறைவு நோயின் காரணமா, நோயின் விளைவா என்பது தனியே ஆராயவேண்டியது.

மூன்றாவது, ஒரு விளைவுக்குக் காரணம் பலவாகலாம். டிஃபிசில் தொற்றில் பித்த அமிலங்களின் பங்கு வலுவாகக் காட்டப்பட்டிருப்பினும், 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கோலிக் அமிலம் ஆக்க இயலாத எலிகளிலும் துணை நுண்ணுயிரிகள் காப்பளிப்பதைக் காட்டியது. அமினோ அமில உணவுக்காக டிஃபிசிலோடு அவை போட்டியிடுவதே அதற்குக் காரணமாக முன்வைக்கப்பட்டது. ஆகவே பித்த அமிலம் காப்பின் ஒரு கூறு. முழுக் காப்பும் அதுவே எனல் பொருந்தாது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவன வருமாறு: கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து முதல்நிலைப் பித்த அமிலங்களை ஆக்குகிறது, அவற்றை இரண்டாம்நிலை அமிலங்களாக மாற்றும் மரபணுக்கள் நுண்ணுயிரிகளிடமே உள்ளன, அவ்வாறு உருவானவை மனித ஏற்பிகளைத் தூண்டி உடலின் இயக்கத்தில் பங்கேற்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இத்தொடரை அறுக்கும்போது டிஃபிசில் போன்ற தொற்றுக்கு வழி ஏற்படுகிறது. அம்மருந்துகளைத் தேவையின்றி உண்ணலாகாது என்னும் அறிவுரைக்கு, மருந்தெதிர்ப்பு என்னும் காரணத்தோடு இதுவும் ஒரு காரணமாகிறது. தேவைப்படும் இடத்தில் அவை உயிர்காப்பன என்பதும் மறுக்கவியலாதது.

தொற்றுக்கு எதிராகக் காக்கும் டீஆக்சிகோலிக் அமிலமே மிகும்போது ஊறு செய்கிறது. எனவே ஒரு மூலக்கூற்றையோ ஒரு நுண்ணுயிரியையோ ‘நல்லது’, ‘தீயது’ என முத்திரையிடுவது இக்களத்தில் பயன்தராது. அளவும் இடமும் சூழலும் சேர்ந்தே பயனை முடிவுசெய்கின்றன. அறிவியல் தமிழில் எழுதுவோர் ‘கிருமி’ என்னும் சொல்லை நோய் செய்வனவற்றுக்கு உரியதாகவும், ‘நுண்ணுயிரி’ என்பதைப் பொதுச்சொல்லாகவும் வேறுபடுத்தி ஆளுதல் இவ்வுண்மையை வாசகர்க்குத் தெளிவாகக் கொண்டுசேர்க்கும். அவ்வேறுபாடு மொழியில் நிலைபெறின், மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும் நோயாளிக்கும் தம் குடலில் எவற்றைக் காக்கவேண்டும் என்பது விளங்கும்.